அருள் என்று நான் கும்பிட்ட மூச்சுத்திணறல்

முரளி,

நேற்று நீ போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ சாதாரணமாகத்தான் பேசினாய். ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டேன், மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, கவிதா இன்றைக்கு மோர்க்குழம்பு வைத்தாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, குரல் மாறாமல், "வேண்டுதல் பாதியில நின்னுபோச்சும்மா. அடுத்த ஆடியில மறுபடியும் அலகு போட்டு முடிச்சிடறேன்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் இருந்தது. எனக்குத்தான் வாய் எழவில்லை. கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், கோபமாக இருக்கும்போது பேனாவைத் தொடாதே, தூங்கி எழுந்து எழுது என்பார். தூங்கி எழுந்துதான் எழுதுகிறேன். ஆகவே இது கோபம் இல்லை. இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதும் இல்லை. உன் கூட்டாளி சங்கரும், அன்று உன்னோடு வரிசையில் நின்ற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சங்கர் சொன்னதைத்தான் நீ தெரிந்து வைத்திருக்கிறாய். "இந்த வருஷம் சாமி ரொம்ப உக்கிரமா எறங்கிச்சி, அதான் முரளிக்கு ஒடம்பு தாங்கல" என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். கேட்கிறவர்களுக்கும் அந்தக் கதை பிடித்திருக்கிறது. நீ உன் உடம்புக்குள் இருந்தாய்; உன் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே நான் சொல்வதைக் கேள்.

போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாய். அம்மா துணையில்லாமல் நடந்தால் ஆடி மாதச் செடல் திருவிழாவில் அலகு போட்டுக்கொள்கிறேன் என்று. நம் வீட்டில் இதுவரை யாரும் அலகு போட்டதில்லை. உன் அப்பா இருந்தவரை தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவார். நீ வேண்டிக்கொண்ட விஷயம் தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிள்ளை தாய்க்காக உடம்பில் இரும்பைத் தாங்கப்போகிறான் என்று நாலு பேரிடம் நானே சொன்னேன். திருவிழா அன்று மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் கைத்தடி இல்லாமல் நடந்தேன். கவிதா, "அத்தை, வெயிலா இருக்கு, ஆட்டோ கூப்பிடறேன்" என்றாள். "என் பிள்ளை அங்கே அலகோடு நிற்கிறான், நான் ஆட்டோவில் போய் இறங்கவா" என்று கேட்டேன். நான் எந்தக் குரலில் கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் தெரியும்.

நம் கோயிலில் அலகு குத்துகிறவர் ஏழுமலை பூசாரி. விலாப்பக்கத்துத் தோலை விரலால் நன்றாக இழுத்துப் பிடித்து, அந்த மடிப்புக்குள் மட்டும் கம்பியை நுழைத்து மறுபக்கம் எடுப்பார். சதைக்குள் போகாது, ரத்தமும் வராது. இந்த வருஷம் கம்பி வேறு. பக்கத்து ஊர்த் திருவிழாவில் நீளக் கம்பி போட்டார்கள் என்பதற்காக, நம் பிள்ளைகள் அதைவிட நீளமாகக் கள்ளக்குறிச்சியில் சொல்லிச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். குத்திய பிறகு அதன் வால் முனையை ஓர் ஆள் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், அவ்வளவு நீளம். "இன்னாடா இது, பந்தக்காலு மாரி கீது" என்று பூசாரி கேட்டார். சங்கர் சிரித்துக்கொண்டு, "நீ குத்து மாமா, புடிச்சிக்கினு வர்றதுக்கு நாங்க இல்ல?" என்றான். கோயிலைச் சுற்றி வரும்போது தேர் நின்ற இடத்தில் கூட்டம் நெருக்கியது. உன் வலப்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவனை யாரோ பின்னாலிருந்து தள்ள, அவன் கம்பியோடு உன் மேல் விழுந்தான். தோல் மடிப்பு பிய்ந்து, கூர்முனை இரண்டு விலாவெலும்புகளுக்கு நடுவே உள்ளே போய்விட்டது. இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்று நான் பார்த்தது நீ ஒரு முறை துள்ளியதை மட்டும்தான்.

நீ துள்ளியதும் பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர் அடியை வேகமாக்கினார். உன் கண்கள் மேலே செருகின. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு நின்றன. மார்பு ஏறி ஏறி இறங்கியது. வாய் திறந்து மூடித் திறந்தது. வேர்வை முகத்தில் ஊற்றியது. சாமி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நான் கைகூப்பினேன் முரளி. என் பிள்ளை காற்று கிடைக்காமல் தவிக்கிறான். நான் கண்ணில் நீர் வர அவனைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டு ராணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து உன் காலைப் பிடித்து, "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப தாயே வழி வுடுவ?" என்று கேட்டாள். நீ கையைத் தூக்கினாய். மூன்று விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. "மூணு மாசம்ன்றாங்க, மூணு மாசம்" என்று பக்கத்திலிருந்தவள் வாக்குக்கு அர்த்தம் சொன்னாள். அடுத்ததாகக் கேட்க இன்னும் இரண்டு பேர் தயாராக நின்றார்கள். உன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அம்மன் உன் வாயால் ஏதோ சொல்கிறாள், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையே என்று ஏங்கினேன்.

கவிதாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, அவர் உதட்டைப் பாருங்க. நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு." நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "அருள் வந்தவனைத் தொடாதே" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். பம்பைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினாள். சத்தம் நின்றது. அப்போதுதான் உன் மூச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. குலவை போட்ட பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. "அலகோட கோயில் எல்லைய தாண்டக் கூடாது" என்று ஒருவர் சொன்னார். உடனே இன்னொருவர் இரண்டு பக்கக் கம்பியையும் பிடுங்கினார். துளையில் வழக்கம்போல விபூதியை வைத்து அழுத்தினார்கள். மஞ்சள் துணியை மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். ஒருவன் சோடாவை உடைத்து உன் வாயில் ஊற்றினான். ரத்தம் வரவில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. கவிதா மட்டும் போனில் 108-க்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி வந்ததும் அதில் வந்த ஆள் முதலில் செய்தது, கத்தரியை எடுத்து அந்தத் துணியை வெட்டியது. "யாருங்க இத இறுக்கிக் கட்டினது?" என்று கேட்டார். "உள்ள போன கம்பிய யாரு புடுங்குனது?" பிடுங்கியவர் கூட்டத்துக்குள் பின்வாங்கினார். அவர் மேற்கொண்டு கேட்காமல் உனக்கு ஆக்சிஜன் வைத்தார். கள்ளக்குறிச்சி போகிற வழி முழுக்க நான் உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஆடி வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு பெண். கவிதா வயதுகூட இருக்காது. உன் மார்பில் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், விரலால் தட்டிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்கவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. தடிமனான ஓர் ஊசியை எடுத்து உன் மார்பில் குத்தினாள். சைக்கிள் ட்யூபில் வால்வைக் கழற்றினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோடு காற்று வெளியே வந்தது. என் பிள்ளையின் நெஞ்சிலிருந்து. அது வந்துகொண்டே இருக்கும்போதே உன் முகத்தில் நிறம் திரும்பியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நர்ஸ் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, "நீங்க விழுந்தா உங்களுக்கும் பெட் போடணும்மா, இங்க பெட் இல்ல" என்றாள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, விலா நடுவே சின்னதாகக் கீறி, விரல் தடிமனுக்கு ஒரு குழாயை உள்ளே செலுத்தித் தைத்தார்கள். அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. நீ மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில் குமிழி வந்தது.

அந்த டாக்டர் பெண்ணிடம் நான் மறுநாள் விளக்கம் கேட்டேன். பாதி புரிந்து வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. நுரையீரல் நெஞ்சுக்கூட்டுச் சுவரை ஒட்டியபடிதான் விரியுமாம்; நடுவே காற்று இருக்கக் கூடாதாம். கம்பி சுவரைத் துளைத்து நுரையீரலையும் கீறியதால், நீ இழுத்த ஒவ்வொரு மூச்சும் அந்தக் கீறல் வழியே நடுவில் போய்ச் சேர்ந்தது. போன காற்று திரும்பி வரவில்லை. சேர்ந்து சேர்ந்து நுரையீரலைச் சுருட்டி, இதயத்தையே மறுபக்கம் தள்ளி, அதற்கு ரத்தம் திரும்பி வருவதைத் தடுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது அதனால்தான். "வெளிய ரத்தம் வரலன்னு நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க. நெஞ்சுக் காயத்துல அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. இருந்த ஒரு ஓட்டையையும் விபூதி வெச்சு, துணி கட்டி அடைச்சிட்டீங்க. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்கிறது வேற பேப்பர்" என்றாள். சாதாரணக் குரலில் சொன்னாள். என்ன செய்திருக்க வேண்டும் என்றும் வரிசையாகச் சொன்னாள். நெஞ்சில் எது குத்தி நின்றாலும் அதைப் பிடுங்காமல், அசையாமல் பார்த்துக்கொண்டு, அப்படியே கொண்டுவர வேண்டும். வெறும் துளை என்றால் காற்று வெளியேற வழி விட்டு லேசாக மூட வேண்டும். மார்பைச் சுற்றி இறுக்கக் கூடாது. குடிக்க ஒன்றும் தரக் கூடாது. அடிபட்டவனுக்கு எப்படி உட்கார்ந்தால் மூச்சு எளிதாக வருகிறதோ அப்படி உட்காரவிட்டு, உடனே கிளம்ப வேண்டும். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். சங்கர் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கட்டும்.

வார்டில் உன் பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். அவர் மனைவி சின்னப்பொண்ணு கட்டிலுக்கடியில் பாயை விரித்துக்கொண்டு எந்நேரமும் அங்கேயே இருப்பாள். சாமைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று காவல் இருந்த அவர்களுடைய பங்காளி, பன்றி என்று நினைத்து நாட்டுத்துப்பாக்கியால் இவரைச் சுட்டுவிட்டார். நெஞ்சில் சிதறிய ஈயக்குண்டுகளோடு கட்டிலில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி, ஜீப் பிடித்து வந்தார்கள். அவருக்கும் உன்னைப் போலவே குழாய். ஆனால் அவர் பாட்டிலில் இறங்கியது ரத்தம். "பாதி குண்டு உள்ளயே கீதாம். எடுக்கப் போனா ஜாஸ்தியா கெட்டுப்போவுமாம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ன்றாங்க" என்று அவள் நம்பாமல் சொன்னாள். பிறகு, "உங்க புள்ளைக்கு இன்னாங்கம்மா?" என்று கேட்டாள். அலகு என்றேன். "எங்க வூட்டுக்காரர இருட்டுல தெரியாம சுட்டாங்க. உங்க புள்ளய பகல்ல, மேளம் வெச்சி, ஊரே நின்னு பாத்துக்கினு குத்துனீங்களா?" அவள் குத்திக்காட்டவில்லை. புரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

அந்த வார்டில் நான் பார்த்ததும் கேட்டதும் என்னை உலுக்கிவிட்டன. நெஞ்சில் துளை விழ மனிதர்களுக்கு இத்தனை வழிகள் இருக்கின்றன என்று நான் நினைத்ததில்லை. ஒயின்ஷாப் வாசலில் சண்டை, ஒரே ஒரு கத்திக்குத்து. அந்தப் பையனைக் கொண்டுவந்தபோதே முடிந்துவிட்டிருந்ததாம், இதயத்தில் பட்டுவிட்டது. எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் பைக்கில் போய், கம்பி ஏற்றி நின்ற லாரியின் பின்னால் மோதினார். அங்கே கூடியவர்கள் பிடுங்காமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் அறுத்துவிட்டு, கம்பியோடேயே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உள்ளே கிழிந்திருந்த ரத்தக்குழாயை அந்தக் கம்பிதான் அடைத்து வைத்திருந்தது. ஆபரேஷன் டேபிளில் நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அதை எடுத்தார்கள். அவர் பிழைத்தார். பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சைத் திறக்கிற வேலையே வருவதில்லை, குழாயும் பாட்டிலும் போதும், நேரத்துக்கு வந்தால் என்று டாக்டர் சொன்னாள். நேரத்துக்கு வந்தால். நாம் ராணியின் மகளுக்கு வரன் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ராணி உன்னைப் பார்க்க வந்தது உனக்கு நினைவிருக்காது, ஊசி மயக்கத்தில் இருந்தாய். தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பெரியம்மா, மூணு மாசம்னு சாமி சொல்லிச்சா, மூணே நாள்ல தியாகதுருகத்துல இருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். வாளியை வைக்க இடம் தேடி, தரையிலிருந்த உன் பாட்டிலைத் தூக்கிக் கட்டிலுக்கு மேலே அலமாரியில் வைக்கப் போனாள். குளுக்கோஸ் பாட்டில் மாதிரி உயரத்தில் இருந்தால்தான் இறங்கும் என்று நினைத்திருக்கிறாள். நர்ஸ் வார்டின் அந்தக் கோடியிலிருந்து போட்ட சத்தத்தில் மலைக்காரரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கீழ வை, கீழ வை. அது நெஞ்சுக்குக் கீழதான் இருக்கணும். மேல தூக்கினா அந்தத் தண்ணி அவர் நெஞ்சுக்குள்ள போவும்." ராணி பாட்டிலை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளை எப்படித் திட்டுவது? அவள் உன் திணறலை வாக்காக வாங்கிப் போனாள் என்றால், நானும்தான் பக்கத்தில் நின்று அதை வணங்கினேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ராணி வந்துபோன அன்று சாயங்காலம் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் நீ என்னைப் பார்த்துப் பேசினாய். "நிறுத்தச் சொல்லும்மா. மூச்சு விட முடியலம்மா. உன்னப் பார்த்துதானே சொல்றேன், ஏன்மா கும்பிடற?" அவ்வளவுதான். திரும்பத் தூங்கிவிட்டாய். கோயிலில் உன் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கு அதுதான். மறுநாள் கேட்டபோது, எனக்கு ஒன்றும் நினைவில்லையே, உளறியிருப்பேன் என்று சிரித்தாய். அதன் பிறகு சங்கர் கதைக்கு நீயும் தலையாட்ட ஆரம்பித்தாய். சாமி உக்கிரமாக வந்தது, நான்தான் தாங்கவில்லை என்கிறாய். நான் நம்பவில்லை முரளி. உனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நீ என்னைப் பார்த்துக் கெஞ்சினாய், நான் கும்பிட்டேன் என்பது எனக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறாய். அடுத்த ஆடியில் மறுபடியும் அலகு என்பதும் அதற்காகத்தானோ என்று நேற்று எனக்குத் தோன்றியது. வந்தது அருள்தான் என்று இந்தக் கிழவி நம்பிக்கொண்டே காலத்தைத் தள்ளட்டும் என்று. அது தோன்றிய பிறகுதான் எனக்கு வாய் எழவில்லை.

உனக்கு இது சின்ன வயதுப் பழக்கம். நாலாம் வகுப்புப் பரிசளிப்பு விழாவில் மேடை ஏறி, பரிசு வாங்கி, நான் சொல்லிக்கொடுத்தபடி தேங்க்யூ சொல்லி இறங்கி வந்தாய். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். காலையிலிருந்து ஆணி குத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று உன் அப்பா கேட்டதற்கு, "அம்மா கைதட்டிக்கினு இருந்தாங்க" என்றாய். நான் அன்று அதை எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தேன். இனிமேல் அந்தப் பூரிப்பு எனக்கு வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல், நான் கைதட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. கவிதாவிடம் சொல்லும்போது நல்லது மட்டும் சொல்லாதே. அவள் உன் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவள். நான் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்கிறேன், அது உன் மூலம் போக வேண்டாம்.

பாதி வேண்டுதல் என்கிறாயே, அதைத் தீர்க்க இன்று காலையில் ஏழுமலை பூசாரி வீட்டுக்கு நானே நடந்து போனேன். அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மருமகள் சொன்னாள். "பாக்கி ஒண்ணும் இல்லீங்கம்மா. அலகு குத்தியாச்சி, கோயில்லயே எடுத்தாச்சி. நீங்க நடந்து வந்துட்டீங்க. ஆத்தா மாரி இதுக்கு மேல இன்னா கேப்பா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இனிமேல் நீளக் கம்பியைத் தன் கையால் தொடப்போவதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்ததாகவும், அவர்கள் கேட்கவில்லை என்றும் சொன்னார். "இன்னா சொல்றானுங்க தெரியுமாங்கம்மா? குத்துப்பட்ட முரளியே அடுத்த வருஷம் போடறேன்றான், உனக்கு இன்னா மாமா பயம்ன்றானுங்க. நீ குத்தலன்னா சங்கராபுரத்துல இருந்து ஆளு கூட்டியாறோம்ன்றானுங்க." வரப்போகும் வரிசையில் சங்கரின் தம்பியும் பேர் கொடுத்திருக்கிறானாம். போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. நீ என் மனம் நோகாமல் இருக்க எனக்கும் சங்கருக்கும் போனில் சொன்ன ஒரு வார்த்தை இங்கே இப்படி நடமாடுகிறது.

அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கும் விளக்கேற்றுவேன். அலகே கூடாது என்று பேச நான் யார்? ஆனால் நீளக் கம்பி கூடாது என்பதையும், ஒருவன் திணறினால் மேளத்தை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். நான் சொன்னால், கான்வென்ட்டில் படித்த அம்மாவுக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். கவிதா சொன்னால் சென்னைக்காரி என்பார்கள். பூசாரியைப் பயந்தவர் என்று சொல்லிவிட்டார்கள். குத்துப்பட்டவன் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் கூட்டம். நீ கிளம்பி வா. கவிதாவையும் கூட்டிக்கொண்டு வா. அருள் வரவில்லை, மூச்சு வரவில்லை, நான் அம்மாவைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன், அவர்களுக்கு விளங்கவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல். எனக்குத் தலைகுனிவு ஆகுமே என்று பார்க்காதே. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்தே சொல்லலாம். உன்னால் இன்னும் ஒரே மூச்சில் நிறையப் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். அவசரப்படாதே. வாங்குகிறபோது நிறுத்திவிடு. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பி. நீ சொல்லி முடிக்கும்வரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா